கலைக்காத கட்டிலிருந்து வந்த சீட்டு

கனவில் டாரட் சீட்டு வந்தால் என்ன பலன் என்று கேட்பவருக்கு உடனே கிடைக்கும் பதில், அந்தச் சீட்டுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் பலன்தான். கோபுரம் வந்ததா, கட்டிக் காத்த ஏதோ ஒன்று இடியப் போகிறது. நிலா வந்ததா, கண்ணை மறைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. மரணம் வந்ததா, பயப்பட ஒன்றுமில்லை, பழையது போய்ப் புதியது வரும். மேசையில் விரித்த சீட்டுக்கு எந்தப் புத்தகமோ, தூக்கத்தில் வந்த சீட்டுக்கும் அதே புத்தகம். படம் ஒன்றாக இருக்கும்போது பலன் மட்டும் எப்படி மாறும் என்ற நினைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் இரண்டு சீட்டும் வந்து சேர்ந்த வழி வேறு. மேசையில் விழுந்தது, கலைத்துப் போட்ட கட்டிலிருந்து இன்னதென்று அறியாமல் எடுத்தது. கனவில் வந்ததை எந்தக் கையும் கலைக்கவில்லை. சீட்டுப் பார்ப்பதற்கு ஏதாவது அதிகாரம் உண்டென்றால் அது முழுவதும் அந்தக் கலைத்தலில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அட்டையில் அச்சடித்த ஓர் ஓவியம். ஆகவே கனவில் வந்த சீட்டுக்குக் கையேட்டைப் புரட்டுவது சீட்டு சாத்திரத்தின் விதிப்படியும் செல்லாது, கனவு சாத்திரத்தின் விதிப்படியும் செல்லாது. அப்படியானால் அந்தக் கனவுக்கு அர்த்தமே கிடையாதா என்றால், இருக்கலாம். தேட வேண்டிய இடம்தான் வேறு.

குறி கேட்கும் முறைகளில் சீட்டெடுப்பது தனி இனம். கூண்டைத் திறந்ததும் கிளி வெளியே வந்து, அடுக்கிலிருக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளி, ஒன்றை மட்டும் ஜோசியக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் நீட்டும் நெல்லைக் கொத்திக்கொண்டு உள்ளே போகிறது. முருகன் படம் வந்தால் ஒரு பலன், காளி படம் வந்தால் இன்னொரு பலன். கிளிக்கு எதுவும் தெரியாது என்பதுதான் அந்தத் தொழிலின் மூலதனம். கோயிலில் திருவுளச்சீட்டுப் போடும்போதும், பூக்கட்டிப் பார்க்கும்போதும், பொட்டலத்தை எடுக்கச் சொல்வது விவரம் அறியாத ஒரு குழந்தையைத்தான். 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் போட்ட ஓலைகளைக் குலைத்து, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறது. அங்கே குறி கேட்கும் நோக்கம் இல்லை. ஆனாலும் தர்க்கம் ஒன்றுதான். எடுக்கிற கைக்கு விருப்பம் இருக்கக் கூடாது. டாரட் பார்ப்பவர் கட்டைக் கலைக்கச் சொல்வதும், வெட்டி வைக்கச் சொல்வதும், சீட்டுகளைக் குப்புற வைப்பதும் இதற்காகத்தான். விழுந்த சீட்டைத் தெய்வச் செயல் என்பார் ஒருவர், விதி என்பார் இன்னொருவர். காரணத் தொடர்பு இல்லாமல் பொருளால் மட்டும் ஒன்றுபடும் நிகழ்ச்சிகளைப் பற்றி 1952-இல் உளவியலாளர் யுங் எழுதியதைக் காட்டுவார் மற்றொருவர். மூன்று விளக்கத்துக்கும் முதல் நிபந்தனை, அந்தச் சீட்டை மனித மனம் பொறுக்கி எடுக்கவில்லை என்பது. மனம் விலகி நின்ற இடைவெளியில்தான் வேறொன்று பேச முடியும். யாராவது தெரிந்தே ஒரு சீட்டைக் கட்டின் மேல் செருகி வைத்திருந்தார் என்று தெரிந்தால், பார்த்த பலனைத் தள்ளுபடி செய்வதில் முதல் ஆளாக நிற்பவர் டாரட்டை நம்புகிறவராகத்தான் இருப்பார்.

கனவில் அந்த இடைவெளி கிடையாது. கனவு நிலையைப் பேசும் பிருகதாரண்யக உபநிடதம், அங்கே தோன்றும் தேரும் குதிரையும் வழியும் உண்மையில் அங்கே இல்லை என்றும், காண்பவனே அவற்றை உண்டாக்குகிறான் என்றும் கொள்கிறது. முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்த ஃப்ராய்டு, 1900-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தன் கனவு நூலில், ஒவ்வொரு கனவிலும் முந்தைய பகலின் மிச்சம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று காட்டினார். அவருடைய மற்றக் கொள்கைகள் எத்தனை அடி வாங்கினாலும் இது நிலைத்துவிட்டது. அன்றைக்குக் கண்டது, அல்லது ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன்னால் கண்டது கனவில் தலைகாட்டுவதைப் பின்வந்த தூக்க ஆய்வுகளும் உறுதி செய்திருக்கின்றன. உபநிடதமும் ஆய்வுக்கூடமும் வேறு எதிலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. கனவில் காண்பவன்தான் செய்பவன் என்ற ஒன்றில் ஒத்துப்போகின்றன. கனவில் ஒருவர் தானே கட்டைக் கலைத்து, கண்ணை மூடி, ஒரு சீட்டை உருவியதாகவே கண்டாலும் நிலைமை மாறாது. கலைத்த கையும், கலைந்த கட்டும், மேலே வந்த சீட்டும் ஒரே மனம் செய்தவை. அங்கே எடுக்கிறவனுக்குத் தெரியாத சீட்டு என்று எதுவும் இல்லை. குறி கேட்பதற்கு இன்றியமையாத அறியாமை கனவில் நடிக்கப்படுகிறதே தவிர நிகழ்வதில்லை.

இதற்கு முதல் மறுப்பு யுங்கைப் பின்பற்றுகிறவர்களிடமிருந்து வரும். டாரட் படங்கள் யாரோ ஒருவருடைய கற்பனையில் பிறந்தவை அல்ல, மனித குலத்துக்கே பொதுவான ஆழ்மனத்தின் மூலப்படிமங்கள் அவற்றில் இறங்கியிருக்கின்றன, கனவும் அதே ஊற்றிலிருந்து வருகிறது. ஆகவே கனவில் வந்த சீட்டைக் கலைக்க வேண்டிய தேவையே இல்லை என்பார்கள். இதை லேசாக ஒதுக்க முடியாது. இந்தப் படங்கள் மூலப்படிமங்களிலிருந்து தொலைதூர வழியில் வந்தவை போலத் தோன்றுகின்றன என்று யுங்கே எழுதியிருக்கிறார். 1980-இல் வெளிவந்த சாலி நிக்கல்ஸின் நூல், 22 பெரிய சீட்டுகளையும் ஒரு மனிதனின் அகப்பயணமாகவே படித்துக்காட்டியது. ஆனால் இந்த வாதம் நிற்க வேண்டுமானால், ஒரு படத்தின் பொருள் அந்தப் படத்துக்குள்ளேயே காலம் காலமாக இருந்து வந்திருக்க வேண்டும். டாரட்டின் வரலாறு அப்படி இல்லை. 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியப் பிரபுக்களின் அரண்மனைகளில் அது தோன்றியது சீட்டாடுவதற்காக. கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு இனங்களில் 56 சீட்டுகள், அவற்றை வெட்டும் துருப்புகளாக 22, ஆக 78. அந்த ஆட்டம் பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் ஆடப்படுகிறது. 1781-இல் பாரிஸில் கூர் த ஜெப்லான் என்பவர், இது பண்டை எகிப்தியரின் ஞானநூல் என்று அறிவித்தார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக்காட்டியது 1822-இல். ஜெப்லான் எழுதிய நாளில் அதை வாசிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. அதன் பிறகுதான் பாரிஸில் எத்தெய்யா என்ற பெயரில் எழுதியவர் குறி பார்ப்பதற்கென்றே தனிக் கட்டு வெளியிட்டார். ஏறக்குறைய 350 ஆண்டுகள் விளையாட்டுப் பொருளாக இருந்தது, ஒரு தலைமுறைக்குள் வேதமானது.

தலைகீழாகத் தொங்குபவன் என்ற சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒற்றைக் காலில் கயிறு கட்டி, தலை கீழாக ஒருவன் தொங்குகிறான். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியனுக்கு இந்தப் படத்தைப் பார்த்ததும் எந்தச் சந்தேகமும் வராது. துரோகிகளையும் கடனைக் கட்டாமல் ஓடியவர்களையும் அவமானப்படுத்த, அவர்களை இப்படித் தொங்குவது போலப் பொதுச் சுவர்களில் வரைந்து வைப்பது அந்நாட்டு நகரங்களில் வழக்கம். 1412-இல் தன் பக்கத்திலிருந்து விலகிய படைத்தலைவர் முசியோ அத்தெந்தோலோ ஸ்ஃபோர்சாவை, போப் பதவிக்கு உரிமை கோரிய 23-ஆம் ஜான், ரோமில் இப்படித்தான் வரையச் செய்தார். அந்த முசியோவின் மகன் பிரான்செஸ்கோ பின்னாளில் மிலானின் டியூக் ஆனார்; இன்று 74 சீட்டுகள் எஞ்சியிருக்கும் புகழ்பெற்ற பழைய கட்டு, அந்த ஸ்ஃபோர்சா குடும்பத்துக்காக வரையப்பட்டதாகவே கருதப்படுகிறது. அக்காலத்தில் இந்தச் சீட்டுக்குப் பெயரே துரோகி. ஜெப்லானின் கண்ணுக்கு அது விவேகத்தின் உருவமாகப்பட்டது. அச்சடித்தவன் அறியாமையால் படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டான் என்றார். 1909-இல் லண்டனில் வெளிவந்த கட்டில் அதே மனிதன் தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடும் அமைதியான முகத்தோடும் தொங்கினான். துன்பம் அல்ல, ஆழ்ந்த லயிப்பு என்றார் அதை வடிவமைத்த ஆர்தர் வெய்ட். இன்றைய கையேடுகள் தன்னைக் கொடுத்தல், பொறுத்திருத்தல், வேறு கோணத்தில் பார்த்தல் என்கின்றன. ஒரே படம், துரோகி, விவேகி, ஞானி என்று மூன்று பொருள். இவற்றில் எந்தப் பொருளோடு அந்தப் படம் ஒருவருடைய கனவுக்குள் வந்தது என்பதை மூலப்படிமம் சொல்லாது. அவர் எந்தக் கட்டைப் பார்த்தார், எந்தப் புத்தகத்தைப் படித்தார், யாரிடம் கேட்டார் என்பதுதான் சொல்லும்.

இன்று கனவுகளில் வரும் டாரட் படங்களில் பெரும்பாலானவை உண்மையில் ஒரே ஒரு பெண்ணின் கைவண்ணம் என்று கொள்ள இடமுண்டு. வெய்ட் சொல்ல, 1909-இல் 78 சீட்டுகளையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். லண்டனில் பிறந்து, இளமையில் சில காலம் ஜமைக்காவில் வளர்ந்து, நாடக மேடைக்கும் புத்தகங்களுக்கும் படம் வரைந்து பிழைத்தவர். அந்த வேலைக்குக் கிடைத்த கூலி சொற்பம். அதற்கு முந்தைய வழக்கமான கட்டுகளில் எண் சீட்டுகள் நம் ரம்மிக் கட்டில் இருப்பது போலவே இருக்கும்: ஒன்பது வாள் என்றால் ஒன்பது வாள் மட்டும். ஸ்மித் அந்த இடத்தில் ஓர் ஆளைப் படுக்கையில் எழுந்து உட்கார வைத்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்த வைத்தார். பின்னால் இருட்டு, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது வாள். கால்மேல் கிடக்கும் போர்வையில் கட்டம் கட்டமாக ரோஜாவும் ராசிக் குறிகளும். கட்டிலின் பக்கப் பலகையில் ஒருவன் இன்னொருவனை வீழ்த்தும் செதுக்கல். தூக்கத்தில் அலறி எழுந்த மனிதனுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. கனவு இதைக் கடன் வாங்குவதில் வியப்பு என்ன இருக்கிறது? ஆனால் அது பொதுமனத்தின் ஊற்றிலிருந்து பொங்கியது என்று சொல்வதைவிட, நாடக மேடை அறிந்த ஓர் ஓவியர் பார்த்தவர் மறக்க முடியாதபடி வரைந்துவிட்டார் என்று சொல்வதே பொருத்தம். யுங்கும் மூலப்படிமத்தை ஒரு வெற்று வார்ப்பாகவே கருதினார். அதை நிரப்பும் படம் காலத்தையும் மனிதரையும் பொறுத்து வருவது. வார்ப்பு பொதுவாகவே இருக்கட்டும். கையேடு பலன் சொல்வதோ வார்ப்புக்கு அல்ல, படத்துக்கு.

டாரட்டையே பார்த்திராதவர் கனவிலும் அந்தப் படம் வந்திருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. பார்த்ததில்லை என்பதற்கும் பார்த்த நினைவில்லை என்பதற்கும் உள்ள தூரம், நாம் நினைப்பதைவிட அதிகம். 2000-இல் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், சிலரை மூன்று நாட்கள் டெட்ரிஸ் விளையாட வைத்து, தூங்கத் தொடங்கும் வேளையில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். மேலிருந்து விழும் கட்டங்கள் தெரிவதாகப் பலர் சொன்னார்கள். மூளையில் பாதிப்பு ஏற்பட்டுப் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைக்க முடியாத ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் அவர்களில் மூன்று பேருக்கு அந்தக் கட்டங்கள் தெரிந்தன. வந்த இடம் மறந்துபோய்ப் படம் மட்டும் தங்கிவிட்டால், அது வேறெங்கிருந்தோ அனுப்பப்பட்டது போலத்தான் தோன்றும். 1900-இல் ஜெனீவாவின் உளவியலாளர் தியோடோர் ஃப்ளூர்னுவா இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார். தன்னை முற்பிறவியில் கன்னட நாட்டு இளவரசனின் மனைவி என்று மயக்க நிலையில் சொன்ன ஒரு பெண்ணை ஆராய்ந்த அவர், அவள் சொன்ன விவரங்கள் 1828-இல் அச்சான ஒரு பிரெஞ்சு இந்திய வரலாற்று நூலில் கிடப்பதைக் கண்டார். அந்த நூல் ஜெனீவாவிலேயே இருந்தது. அவள் பொய் சொன்னாள் என்று ஃப்ளூர்னுவா எழுதவில்லை. மறந்த நினைவு புதிய வேடத்தில் வந்தது என்றார். ஸ்மித்தின் படங்கள் திரைப்படங்களிலும் சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் கைபேசித் திரைகளிலும் இறைந்து கிடக்கும் காலத்தில், கண்ணில் படவே இல்லை என்று ஒருவர் உறுதியாகச் சொல்வது கடினம்.

சமய நம்பிக்கையின் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இவற்றைவிடக் கனமானது. கனவு மனத்தின் வேலை என்றே இருக்கட்டும், இறைவன் அந்த மனத்தின் வழியாகவே குறிப்புக் காட்டக் கூடாதா? வேதாந்தமே இதற்கு இடம் தருகிறது. கனவுலகம் வெறும் மாயை என்று சொன்ன பிரம்ம சூத்திரம், அடுத்த சூத்திரத்திலேயே கனவு நன்மை தீமைகளைச் சுட்டவும் கூடும் என்கிறது. சுட்டுவது பொய்யானாலும் சுட்டப்படுவது மெய்யாக இருக்கலாம் என்று சங்கரர் அதற்கு உரை சொன்னார். தர்க்கமாக இது பிழையற்றது. ஆனால் கனவுக்குச் சுட்டும் ஆற்றல் உண்டென்று ஒப்புக்கொண்ட மரபுகள் எல்லாக் கனவுக்கும் அதைத் தந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரக சம்ஹிதை கனவுகளை ஏழாகப் பிரித்து, கண்டது, கேட்டது, அனுபவித்தது, விரும்பியது, கற்பனை செய்தது ஆகிய ஐந்தும் பலனற்றவை என்று தள்ளிவிடுகிறது. பார்த்த சீட்டு கனவில் வந்தால் அது அந்தப் பட்டியலின் முதல் வகை. இஸ்லாமிய மரபில் கனவு மூன்று: இறைவனிடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தானின் அச்சுறுத்தல், மனம் தனக்குத்தானே பேசிக்கொள்வது. கெட்ட கனவு கண்டவர் அதை யாரிடமும் சொல்லாமல் இறைவனிடம் பாதுகாப்புத் தேட வேண்டும் என்பதே அங்கே அறிவுரை. பலன் கேட்டு அலைவதல்ல. இறைவன் பேசுகிறான் என்று நம்புகிறவர் இன்னொன்றையும் யோசிக்கலாம். அவன் பேச நினைத்தால், 1909-இல் லண்டனில் ஒரு பதிப்பகம் போட்ட கட்டின் பலன் பட்டியலுக்கு அவன் கட்டுப்பட்டிருக்க வேண்டிய தேவை என்ன?

கனவுக்குப் பலன் சொல்வதில் பெயர் பெற்றவர்களே படத்தை மட்டும் வைத்துப் பலன் சொன்னதில்லை. விவிலியத்தின் ஆதியாகமத்தில் யோசேப்பு சிறையில் இருவருடைய கனவுகளை விளக்குகிறான். பானபாத்திரக்காரன் கண்டது மூன்று கொடிகள், அப்பம் சுடுகிறவன் கண்டது மூன்று கூடைகள். இரண்டிலும் மூன்று என்பது மூன்று நாள். முதல்வனுக்குப் பதவி திரும்பக் கிடைக்கிறது, இரண்டாமவன் தூக்கில் தொங்குகிறான். முதல்வன் கனவில் தானே திராட்சையைப் பிழிந்து கிண்ணத்தை அரசன் கையில் கொடுத்தான். இரண்டாமவன் தலைமேலிருந்த கூடையிலிருந்து பறவைகள் தின்றுகொண்டிருந்தன, அவன் விரட்டியதாகக் கதை சொல்லவில்லை. எண் ஒன்றுதான், நடந்தது வேறு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ஐந்து பாகங்களில் கனவு நூல் எழுதிய அர்த்தெமிதோரஸ், நம் பஞ்சாங்கங்களில் வரும் கனவுப் பலன் பட்டியல் போன்ற ஒன்றைத்தான் தொகுத்தார். ஆனால் தன் மகனுக்காக எழுதிய பாகத்தில், பாம்பை ஈன்றதாகக் கனவு கண்ட ஏழு கர்ப்பிணிகளைப் பற்றிச் சொல்கிறார். செல்வக் குடும்பத்தவளின் மகன் பெயர் பெற்ற பேச்சாளன் ஆனான், பூசாரி மனைவியின் மகன் பூசாரி ஆனான், அடிமைப் பெண்ணின் மகன் ஓடிப்போன அடிமை ஆனான். இந்தக் கதைகளை வரலாறாக நம்ப வேண்டியதில்லை. கனவு கண்டவர் யார், என்ன நிலையில் இருக்கிறார் என்று தெரியாமல் பாம்புக்குப் பலன் சொல்லாதே என்று ஒரு தொழில்காரர் தன் வாரிசுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதே போதும்.

கையேட்டின்படி பார்த்தது அப்படியே பொருந்தியதே என்பவருக்கு என்ன பதில்? பொருந்துவது உண்மை; பொருத்தம் எதற்குச் சான்று என்பதுதான் கேள்வி. 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை நடத்தி, முடிவு என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம், பெரும்பகுதி கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4-ஐத் தாண்டியது. பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்ற வாக்கியம் யாருக்குத்தான், எந்த வருடத்தில்தான் பொருந்தாது? கனவென்றால் இந்த மயக்கம் இரட்டிப்பாகிறது. 2009-இல் கேரி மோர்வெட்ஜும் மைக்கேல் நார்ட்டனும் வெளியிட்ட ஆய்வில், இந்தியா, தென்கொரியா, அமெரிக்கா மூன்று நாடுகளிலும் பெரும்பாலோர் கனவு மறைந்த உண்மையைக் காட்டுகிறது என்றே நம்பினார்கள். கூடவே, தாங்கள் ஏற்கெனவே நினைப்பதற்கு இசைவான கனவுக்கு அதிக மதிப்பும் இசையாத கனவுக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் இழுபடும் பலன் ஒரு பக்கம், பிடித்ததை மட்டும் பிடித்துக்கொள்ளும் மனம் இன்னொரு பக்கம். இரண்டும் சேரும் இடத்தில் பொருத்தம் கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

இனி, அந்தக் கனவை எப்படித்தான் படிப்பது? அச்சில் உள்ளது கடன். கனவு அதில் மாற்றியது சொந்தம். படிக்க வேண்டியது சொந்தத்தை. ஸ்மித்தின் மரணச் சீட்டில், கவசம் பூண்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. கையில் வெள்ளை ரோஜா பொறித்த கறுப்புக் கொடி. கிரீடம் கழன்று அரசன் மல்லாந்து கிடக்கிறான். மதகுரு கைகூப்பி எதிரே நிற்கிறார். மண்டியிட்ட ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ஒரு குழந்தை மட்டும் குதிரையை நிமிர்ந்து பார்க்கிறது. ஒருவர் கனவில் இதே காட்சி வருகிறது, ஆனால் மதகுரு நிற்கும் இடம் காலி, குழந்தை குதிரையைப் பார்க்காமல் கனவு காண்பவரைத் திரும்பிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையேடு இதையும் மாற்றம், முடிவு, புதுத் தொடக்கம் என்றே படிக்கும். இன்னும் சொல்லப்போனால் கையேட்டுக்கே இதில் ஒரு குரல் கிடையாது: மாறுதலைப் பற்றி உயர்வாகப் பேசும் வெய்ட்டின் விளக்க நூல், பலன் பட்டியலுக்கு வரும்போது முடிவு, சாவு, அழிவு என்றுதான் தொடங்குகிறது. காலி இடத்தைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது, வழக்கமாக மன்றாடி நிற்கிற ஆள் யார், அவர் இப்போது ஏன் இல்லை, அந்தக் குழந்தை எதற்காகத் தன்னைப் பார்க்கிறது என்பவை. வீட்டில் எல்லோருக்காகவும் பேசி வந்த பெரியவர் படுத்த படுக்கையாகி, பொறுப்பு தன் தலையில் இறங்குவதை உணரத் தொடங்கியவருக்கு இதன் விடை சட்டென்று விளங்கும். வேறொருவருக்கு வேறு விடை. அதைக் கனவு கண்டவர்தான் சொல்ல முடியும். பார்ப்பவர் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான்.

இதுவும் இன்னொரு ஊகம்தானே, நினைவுப் பிழையால் விடுபட்ட மதகுருவுக்கு இத்தனை பொருளா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. பெரும்பாலோருக்குச் சீட்டில் மதகுரு இருந்ததே நினைவிருக்காது. அதனால் எல்லா மாற்றத்துக்கும் பொருள் சொல்லக் கூடாது. கனவுக்குள்ளேயே ஏதோ சரியில்லை என்று உறுத்திய மாற்றத்தையும், எழுந்த பிறகும் விடாமல் நிற்கும் மாற்றத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வதே முறை. உறுத்தாத கனவை விட்டுவிடலாம். ஒரு மாதமாக டாரட் பழகுகிறவர் கனவில் சீட்டு வருவது, பரீட்சைக்குப் படித்தவர் கனவில் வினாத்தாள் வருவது போன்றது. சிலர் இன்னொரு கோணத்தில் கேட்பார்கள். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவி செங்கோலும் குடையும் வீழக் காண்கிறாள். அதற்குப் பொருள் அவள் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல, நாடே அறிந்தது. டாரட் பழகியவர்களுக்கும் அப்படி ஒரு பொது மொழி இருக்கக் கூடாதா? இருக்கலாம். மரணம் என்றால் மாறுதல் என்று பல ஆண்டுகள் பழகியவருக்கு அந்தப் பொருளும் அவருடைய மனத்தின் சரக்குதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் அப்போது கையேடு, அவருக்கு என்ன தெரியும் என்பதற்குச் சான்றாகிறதே தவிர, அவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு அல்ல. கோப்பெருந்தேவியின் கனவு நமக்கு உறைப்பது குடை என்ற சின்னத்தால் மட்டும் அல்ல. அது அவள் கணவனின் குடை.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது பலன் கேட்டு வருகிறவரின் நிலையைப் பார்த்தால் தெரியும். கெட்ட கனவோடு வருகிறவர் பயத்தோடு வருகிறார். நீங்கள் கேட்காமலேயே சீட்டு உங்களைத் தேடி வந்திருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தப் பயத்துக்கு ஒரு முத்திரை விழுகிறது. அடுத்து பரிகாரம், அதற்கொரு தொகை. தேடி வந்தது என்பதே பிழையான வாக்கியம் என்றால் அதன்மேல் கட்டிய எல்லாமும் சரிகிறது. டாரட்டை நம்புகிறவர் தன் முறைக்கு உண்மையாக இருக்க விரும்பினால், விழித்தபின் கட்டை எடுத்துக் கலைத்து, கனவு எழுப்பிய கேள்வியை முறைப்படி கேட்கட்டும். விழும் சீட்டுக்குக் கையேட்டைப் புரட்டட்டும். நம்பாதவர் கனவைத் தன் மனம் தனக்குப் போட்டுக்காட்டிய படமாக எடுத்துக்கொண்டு, உறுத்திய இடத்தை மட்டும் யோசிக்கட்டும். இருவருமே செய்யக் கூடாதது ஒன்று உண்டு. தூக்கத்தில் தன் மனமே பொறுக்கி வைத்த ஒரு சீட்டை, வெளியிலிருந்து வந்த தீர்ப்பாக எண்ணி, பேசி முடித்த கல்யாணத்தை நிறுத்துவதோ, பார்க்கிற வேலையை விடுவதோ, உடன்பிறந்தவரைச் சந்தேகிப்பதோ கூடாது. அப்படிச் செய்தால் பொறுப்பு கனவுக்கும் இல்லை, கையேட்டுக்கும் இல்லை, சீட்டை எடுத்தவருக்குத்தான்.